மின்சுற்றும் விருத்தாசலம் பீங்கானும்

விருத்தாசலம் மின்பீங்கான் தொழில் என்பது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த விருத்தாசலத்தில் பியூஸ் கட்டைகள், குறைந்த அழுத்த மின்காப்பான்கள் முதலிய பீங்கான் மின்பொருட்களைச் செய்யும் தொழிலைக் குறிக்கும். மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ள இவ்வூர், விருத்தகிரீசுவரர் கோயிலால் திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் நெடுங்காலமாக அறியப்பட்டது. சென்னை–திருச்சி இரயில் பாதையில் கடலூருக்கும் சேலத்துக்கும் கிளைகள் பிரியும் சந்திப்பாகவும், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செராமிக் நகரமாகவும் இது பெயர்பெற்றது.

பள்ளி இயற்பியலில் மின்னியல் பாடம் பெரும்பாலும் மின்னோட்டம் செல்லும் வழியைப் பற்றியதாகவே இருக்கிறது. மின்கலம், கம்பி, விளக்கு, சாவி ஆகியவற்றைக் கோடுகளால் இணைத்து மாணவர் படம் வரைகிறார். அக்கோடுகளுக்கு வெளியே மின்னோட்டம் செல்லாது என்பது படத்தில் சொல்லாமலே ஏற்கப்படுகிறது. வீட்டிலும் மின்கம்பத்திலும் அது தானாக நடப்பதில்லை. செல்லக்கூடாத வழிகளை ஒரு பொருள் அடைத்து நிற்க வேண்டும். மின்சுற்றின் இந்த இரண்டாம் பாதியைச் செய்து கொடுத்ததே விருத்தாசலத்தின் பங்கு.

கடத்தியும் காப்பானும் பிரிந்த கதை

பொருட்கள் கடத்திகள், காப்பான்கள் என இருவகைப்படும் என்பது ஒரு தவறிய சோதனையில் தெளிவானது. இங்கிலாந்தின் கேன்டர்பரியைச் சேர்ந்த ஸ்டீபன் கிரே, சாயத்தொழில் செய்துவந்த குடும்பத்தவர். தேய்த்த கண்ணாடிக் குழாயின் மின்னேற்றம் அதனுடன் இணைத்த நூலின் வழியாகத் தொலைவுக்குச் செல்வதை 1729இல் அவர் கண்டார். நூலை நீட்டிச் செல்ல, அதைப் பட்டு இழைகளால் தாங்கிப் பிடித்தார். நீளம் கூடியபோது பட்டு இழை பாரம் தாங்காமல் அறுந்தது. அதற்குப் பதிலாக உறுதியான மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டியபோது, நூலின் மறுமுனைக்கு மின்னேற்றம் வந்து சேரவே இல்லை.

பட்டு இழை மெல்லியதாக இருந்ததால்தான் மின்னேற்றம் கசியவில்லை என்று அதுவரை கருதியிருந்தனர். பித்தளையும் மெல்லியதே, ஆனால் அது மின்னேற்றத்தைத் தாங்குசட்டத்துக்குக் கடத்திவிட்டது. எனவே காரணம் பருமன் அன்று, பொருளின் தன்மையே என்ற முடிவு கிடைத்தது. நூலின் வழியாக மின்சாரம் சென்றதற்குப் பட்டு அதை வெளியே விடாததும் ஒரு காரணம். பின்னாளில் மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் செய்வதும் இதே வேலைதான்.

வோல்ட்டா முதல் ஓம் வரை

தேய்த்துப் பெறும் மின்னேற்றம் நொடியில் தீர்ந்துவிடும். தொடர்ந்து ஓடும் மின்னோட்டம் 1800இல்தான் கைக்கு வந்தது. இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்ட்டா, இருவகை உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் மாறிமாறி அடுக்கித் தம் மின்னடுக்கைச் செய்தார். 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பி அருகிலுள்ள காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டறிந்தார். இதனால் மின்னோட்டத்தை அளக்க ஒரு கருவி கிடைத்தது. பிரான்சின் ஆம்பியர் அதன் விதிகளை வகுத்தார்.

அழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பை அளந்து சொன்னவர் ஒரு பள்ளி ஆசிரியர். கொலோன் நகரில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஜார்ஜ் சைமன் ஓம், முதலில் வோல்ட்டா மின்கலங்களைப் பயன்படுத்தினார். அவற்றின் அழுத்தம் நிலையாக இல்லை. பின்னர் பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிணையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான அழுத்தத்தைப் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை அதில் இணைத்து மின்னோட்டத்தை அளந்தார். 1827இல் வெளியான அவரது நூலுக்கு நாட்டில் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது.

ஒரு கடத்தியின் வழியாகச் செல்லும் மின்னோட்டம், அதன் முனைகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஓம் விதி. வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும். அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. ஒரே பொருளாலான கம்பியில், நீளம் கூடினால் தடை கூடும். குறுக்குப் பரப்பு கூடினால் தடை குறையும். இரண்டையும் நீக்கிப் பொருளின் தன்மையை மட்டும் காட்டும் எண் மின்தடை எண்.

செம்பின் மின்தடை எண் ஏறத்தாழ 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். நன்கு சுட்ட மின்பீங்கானுக்கு அது 10¹⁰ ஓம் மீட்டருக்கும் மேல். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைப்பது 18 இலக்க எண். நிறை, நீளம், வெப்பம் போன்ற அன்றாட அளவுகளில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காண்பது அரிது. மின்சாரத்தை ஊர் ஊராகக் கொண்டுசெல்ல முடிவது இந்த வேறுபாட்டினால்தான்.

ஜூலின் வெப்ப விதியும் பியூஸும்

மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த மதுவடிப்பாளரின் மகனான ஜேம்ஸ் ஜூல், மின்னோட்டம் செல்லும் கம்பியை நீரில் மூழ்கவைத்து நீரின் வெப்பநிலை உயர்வை அளந்தார். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்தடைக்கும், நேரத்துக்கும், மின்னோட்டத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருப்பதை 1841இல் வெளியிட்டார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும்.

மின்னிணைப்பில் தீ பிடிப்பதற்கும், அதைத் தடுக்கும் பியூஸுக்கும் அடிப்படை இந்த இருமடி விதியே. 230 வோல்ட் வழங்கலில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி எடுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 4.35 ஆம்பியர். அதன் தடை ஏறத்தாழ 53 ஓம். உறை கிழிந்து இரு கம்பிகளும் நேராகத் தொட்டுக்கொண்டால் வழியில் எஞ்சும் தடை அரை ஓம் அளவே எனக் கொள்வோம். அப்போது மின்னோட்டம் 460 ஆம்பியராகத் தாவும். மின்னோட்டம் நூறு மடங்குக்கு மேல் உயர்ந்ததால், கம்பியில் ஒவ்வொரு நொடியும் தோன்றும் வெப்பம் பத்தாயிரம் மடங்குக்கு மேல் உயரும்.

வீட்டிலுள்ள விளக்குகளும் விசிறிகளும் பக்க இணைப்பில் உள்ளன. ஒன்றை அணைத்தால் மற்றவை நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது. பியூஸ் மட்டும் அவை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடர் இணைப்பில் வைக்கப்படுகிறது. எனவே வீட்டின் மொத்த மின்னோட்டமும் அதன் வழியே செல்ல வேண்டும். 5 ஆம்பியர் பியூஸுக்கு வழக்கமான வெள்ளீயம் பூசிய செம்பு இழையின் விட்டம் 0.2 மில்லிமீட்டர். அதன் குறுக்குப் பரப்பு, 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டுக் கம்பியின் பரப்பில் ஏறத்தாழ 48இல் ஒரு பங்கு. இரண்டிலும் ஒரே மின்னோட்டமே செல்கிறது. ஆனால் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் இழையில் 48 மடங்கு வெப்பம் தோன்றுகிறது. சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறுவதற்குள் இழை உருகிச் சுற்றைத் துண்டிக்கிறது.

எடிசன் 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையத்தைத் தொடங்கியபோது, உருகிகள் அவரது மின்வழங்கல் முறையின் பகுதியாக இருந்தன. 1884இல் பிரித்தானியத் தந்தித் துறைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ், இழையை உருக்கத் தேவையான மின்னோட்டம் அதன் விட்டத்தோடு எவ்வாறு கூடுகிறது என்பதை ஆராய்ந்தார். அவர் கண்ட தொடர்பின்படி, விட்டம் இரு மடங்கானால் உருக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 2.8 மடங்காகும்.

களிமண் ஏன் தேவைப்பட்டது

இழை உருகும் நொடியில் வேலை முடிந்துவிடுவதில்லை. அறுந்த முனைகளுக்கு இடையே மின்பொறி தோன்றலாம். உருகிய செம்பின் வெப்பநிலை 1085 பாகை செல்சியசுக்கும் மேல். தொடக்ககால மின்பொருட்களில் மர அடிப்பலகைகளும் வழக்கில் இருந்தன. மரம் தீப்பற்றும், கருகினால் அந்தக் கரியே மின்னோட்டத்துக்கு வழியாகும். ஈரம் ஏறினாலும் மரம் கடத்தும்.

பீங்கான் ஏற்கெனவே 1200 பாகைக்கு மேற்பட்ட தீயைக் கடந்து வந்த பொருள். உருகிய செம்புத் துளி அதன்மேல் விழுந்தாலும் அது எரிவதில்லை, கருகுவதில்லை. மெருகுப் பூச்சிட்ட பரப்பில் அழுக்கும் நீரும் எளிதில் தங்குவதில்லை. கம்பங்களில் இதற்கு முன்பே தேவை ஏற்பட்டிருந்தது. இந்தியாவில் வில்லியம் ஓஷானெஸி 1839இல் கல்கத்தா அருகே தந்திக் கம்பிச் சோதனை நடத்தினார். 1850களில் தந்தித் தடங்கள் நாடெங்கும் பரவின. மழையில் நனையும் கம்பத்தில் மின்னோட்டம் நிலத்துக்குக் கசியாமலிருக்கக் கண்ணாடியும் பீங்கானும் உலகெங்கும் பயன்பட்டன. கம்பக் காப்பானுக்குக் குடை போன்ற மடிப்புகள் வைப்பது, மழையிலும் அடிப்பக்கம் உலர்ந்திருக்கவும், பரப்பின் வழியாகக் கசியும் பாதை நீளமாக இருக்கவுமே.

சென்னை மாகாணத்தில் மின்சாரம்

சென்னையில் மின் டிராம் 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கியது. மாகாணத்தின் ஊர்ப்புறங்களுக்கு மின்சாரம் வரப் பெரிய நீர்மின் திட்டங்கள் வேண்டியிருந்தன. நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் 1930களின் தொடக்கத்திலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் இயங்கத் தொடங்கின. 1957 சூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. அதன்பின் ஊர்களுக்கும் வயல்வெளிப் பம்புசெட்டுகளுக்கும் மின்கம்பிகள் வேகமாகச் சென்றன.

ஒவ்வொரு கம்பமும் காப்பான்களைக் கேட்டது. ஒவ்வொரு வீட்டு இணைப்பும் மீட்டர் பலகையில் பியூஸ் கட்டையைக் கேட்டது. மின்கட்டணம் கட்டாத வீட்டின் இணைப்பைத் துண்டிப்பதைப் ‘பீஸைப் பிடுங்குவது’ என்று மக்கள் சொல்லத் தொடங்கினர். இந்தப் பெருந்தேவைக்கு ஏற்ற மண் கடலூர்ப் பகுதியில் இருந்தது.

நெய்வேலியின் மண்

விருத்தாசலத்துக்கு அண்மையிலுள்ள நெய்வேலியில், 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி என்று பின்னர் அறியப்பட்டது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படலம் எட்டப்பட்டது. சோவியத் ஒத்துழைப்புடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது.

நிலக்கரியை எடுக்க அதன் மேலுள்ள மண்ணை அகற்ற வேண்டும். அந்த மேல்மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. அதைக் கழுவித் தூய்மைப்படுத்தும் ஆலை நெய்வேலித் திட்டத்தின் பகுதியாகவே அமைக்கப்பட்டது. ஆக, மின்சாரத்தை உண்டாக்கும் எரிபொருளும், அம்மின்சாரம் வழி தவறாமல் தடுக்கும் மண்ணும் ஒரே குழியிலிருந்து வந்தன. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்ததற்கு இந்த மண்ணின் அண்மை முதன்மைக் காரணம்.

விருத்தாசலத்தில் தொழில் வேரூன்றியது

விடுதலைக்குப் பின் சென்னை மாநில அரசு சிறுதொழில்களுக்காகத் தொழிற்பேட்டைகளை அமைத்தது; 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை அவற்றுள் முன்னோடி. விருத்தாசலத்தில் பீங்கானுக்கென்றே தொழிற்பேட்டை உருவானது. மாநிலத் தொழில் வணிகத் துறையின்கீழ் செராமிக் தொழில்நுட்பப் பயிலகம் அமைக்கப்பட்டு, பட்டயப் படிப்பு கற்பிக்கப்பட்டது. அரசு நிறுவனமான தமிழ்நாடு செராமிக்ஸ் இங்கு இயங்கியது. சிறு முதலாளிகள் பலர் பியூஸ் கட்டை, காப்பான், சுகாதாரப் பொருட்கள், பொம்மைகள் ஆகியவற்றைச் செய்தனர்.

பியூஸ் கட்டை என்பது இரு துண்டுகள் கொண்டது. அடித்துண்டு பலகையில் பொருத்தப்படும். அதில் மின்கம்பிகள் இணையும். மேல்துண்டில் இழை கட்டப்படும். அதைக் கையால் பிடித்துச் செருகவும் பிடுங்கவும் முடியும். மறுபடி இழை போடத்தக்க இவ்வகைக் கட்டைகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2086.

அதன் மூலப்பொருட்கள் களிமண், குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் ஆகிய மூன்று. மின்பீங்கானில் ஏறத்தாழப் பாதி களிமண். மற்றவை இரண்டும் ஏறத்தாழக் கால் பங்கு வீதம். களிமண் உருவம் தருகிறது. குவார்ட்ஸ் உருவம் குலையாமல் தாங்குகிறது. பெல்ட்ஸ்பார் சூளையில் உருகிக் கண்ணாடிபோல் இடைவெளிகளை நிரப்புகிறது. இவற்றை உருளை ஆலையில் நீருடன் அரைத்து, வடிகட்டி, உலர்த்திப் பொடியாக்குவர். சிறிது ஈரப்பதமும் எண்ணெயும் சேர்ந்த அப்பொடியை எஃகு அச்சில் இட்டு அழுத்தியால் அழுத்தினால் கட்டையின் வடிவம் கிடைக்கும். பொம்மைகளுக்கு இம்முறை இல்லை. அவற்றுக்குக் களிக்குழம்பைச் சுண்ண அச்சில் வார்ப்பர்.

காய்ந்து சுடும்போது மண் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கிய பின்னரும் திருகுத் துளைகள் பித்தளை முனைகளுக்குப் பொருந்த வேண்டும். ஆகவே அச்சு செய்பவர் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பெரிதாகச் செய்கிறார். மெருகுக் குழம்பு பூசிய கட்டைகள் சூளையில் அடுக்கப்படும். வெப்பம் போதாவிட்டால் உடலில் நுண்துளைகள் எஞ்சும். துளையில் நீர் ஏறும். உப்பு கலந்த நீர் கடத்தும். வெப்பம் மிகுந்தால் கட்டை வளைந்துபோகும். கம்பக் காப்பான்களைச் சோதிக்க, உடைத்த துண்டுகளைச் சாராயத்தில் கரைத்த செஞ்சாயத்தில் அழுத்தத்துடன் ஊறவைப்பதுண்டு. உட்புறம் சிவந்தால் அந்தப் பீங்கான் தகுதியற்றது.

இதில் பிழைக்கு இடம் குறைவு. கட்டையைப் பிடுங்குபவரின் விரலுக்கும் 230 வோல்ட் முனைக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர் பீங்கான் மட்டுமே. கம்பத்தில் ஏறும் மின்பணியாளர், கட்டையைக் கழற்றித் தம்மிடம் வைத்துக்கொண்டு ஏறுவது வழக்கமான பாதுகாப்பு முறை. அவர் இறங்கும்வரை வேறு யாரும் சுற்றை மூட முடியாது.

இழை போடுவதில் நிகழும் தவறு

பியூஸ் போனால் வீட்டிலேயே இழை மாற்றிக்கொள்ளலாம் என்பது இக்கட்டையின் நன்மை. அதன் ஆபத்தும் அதுவே. இழை அடிக்கடி அறுகிறது என்று, மின்கம்பியிலிருந்து உரித்த செம்பு இழைகளை முறுக்கித் தடிமனாகக் கட்டுவது தமிழ்நாட்டு வீடுகளில் அரிதன்று. பிரீசின் கணக்கு அதன் விளைவைச் சொல்கிறது. இரு மடங்கு தடித்த இழை கட்டினால், 2.8 மடங்கு மின்னோட்டம் வந்த பின்னரே அது உருகும். அதற்குள் சுவருக்குள் ஓடும் கம்பியின் உறை உருகத் தொடங்கலாம். இழை அறுவது கோளாறு அன்று. கோளாறு வேறிடத்தில் இருப்பதற்கான அறிவிப்பு.

மின்னேற்றமுள்ள கம்பியில் மட்டுமே பியூஸ் வைக்கப்பட வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த விதி. நடுநிலைக் கம்பியில் வைத்தால், இழை அறுந்து விளக்கு அணைந்தாலும் கருவியில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். மின்சாரம் இல்லை என்று நம்பித் தொடுபவருக்கு அது உயிராபத்து.

தானியங்கித் துண்டிப்பான்களின் வருகை

கைப்பிழைக்கு இடமில்லாத கருவி 1924இலேயே தோன்றிவிட்டது. ஜெர்மனியின் மான்ஹைம் நகரைச் சேர்ந்த ஹியூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம், சிறு சுற்றுத் துண்டிப்பானுக்குக் காப்புரிமை பெற்றது. எம்.சி.பி. என வழங்கும் இதில், சிறிதளவு மிகுந்த மின்னோட்டத்துக்கு ஈருலோகத் தகடு சூடேறி வளைகிறது. திடீர் மின்குறுக்குக்கு மின்காந்தம் உடனே இழுக்கிறது. எதுவும் உருகுவதில்லை, கோளாற்றைச் சரிசெய்தபின் நெம்பை மேலே தள்ளினால் போதும். புதிய வீடுகளில் பியூஸ் கட்டையின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. அதன் உடல் வார்ப்பு நெகிழி. களிமண்ணுக்கு அதில் வேலை இல்லை.

பயன்படுத்துவோருக்கு இது நன்மையான மாற்றம். விருத்தாசலத்தின் சிறு ஆலைகளுக்கோ, அவற்றின் நிலையான சரக்கு ஒன்று சந்தையில் சுருங்கியதாயிற்று. எஞ்சிய தேவைக்கும் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா போன்ற பெரிய பீங்கான் மையங்களோடு போட்டியிட வேண்டும். கொலு பொம்மைகளும் அகல்விளக்குகளும் இவ்வூரின் அடையாளமாக முன்னுக்கு வந்துள்ளன. ஆனால் பொம்மைக்கான தேவை பண்டிகைக் காலத்தைச் சார்ந்தது. பியூஸ் கட்டைக்கான தேவை ஆண்டு முழுவதும் இருந்தது.

மின்துறையில் பீங்கான் முற்றாக மறையவில்லை. மின்மாற்றிகளின் முனைக் காப்பான்களிலும் கம்பக் காப்பான்களிலும் அது தொடர்கிறது. பெரும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எச்.ஆர்.சி. பியூஸின் உடலும் பீங்கான் குழாயே. அதற்குள் நிரப்பிய குவார்ட்ஸ் மணல் மின்பொறியின் வெப்பத்தை உள்வாங்கி அணைக்கிறது. இவற்றுக்குக் கூடுதலான துல்லியமும் சோதனை வசதியும் தேவை. சிறு ஆலைகளின் எதிர்காலம் அவ்வசதிகளைப் பெறுவதைப் பொறுத்தது.

பாடமும் பொருளும்

பழைய பியூஸ் கட்டை ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் பள்ளி மின்னியலின் பெரும்பகுதி அதில் அடங்கியிருக்கிறது. பித்தளை முனைகள் கடத்தி, பீங்கான் காப்பான். இழையின் பருமனில் ஓமின் மின்தடை இருக்கிறது. அது உருகுவதில் ஜூலின் வெப்ப விதி இருக்கிறது. கட்டை நிற்கும் இடம் தொடர் இணைப்பு. அதற்குப் பின்னுள்ள வீடு பக்க இணைப்பு. கட்டையைப் பிடுங்கினால் திறந்த சுற்று. செருகினால் மூடிய சுற்று. மின்வழங்கலிலிருந்து முற்றாகப் பிரித்தெடுத்த ஒரு கட்டை, பாடநூலின் பல பக்கங்களை மாணவர் கையில் தருகிறது. கிரேயின் பட்டு இழையில் தொடங்கிய நூற்றாண்டுகள் கடந்த கேள்விக்கு, தமிழ்நாட்டு வீடுகளின் மீட்டர் பலகையில் நெடுநாள் விடையாக இருந்தவற்றுள் விருத்தாசலத்துச் சூளையில் வெந்த மண்ணும் ஒன்று.